தலைமை இல்லாத கல்யாணம்

நான் அராஜகவாதி ஆனது புத்தகம் படித்து அல்ல, காபி குடித்து. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை, சங்கத்தில் உறுப்பினர். ஒரு கூட்டத்தில் டீயா காபியா என்று ஓட்டெடுத்து, எட்டுப் பேரும் டீக்குக் கை தூக்கினோம். மாவட்டத்திலிருந்து வந்த தோழர் நிமிராமலே "காபி சொல்லுங்க" என்றார். காபிதான் வந்தது. யாருக்கு மேலும் யாரும் இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவுக்கு வந்தேன். அதற்கு அராஜகவாதம் என்று ஒரு பெயரும் இருப்பது பிறகு செல்போனில் தேடித்தான் தெரிந்தது.

நான் விரும்பிய பெண்ணின் அப்பாவோ ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்யூனிஸ்ட் கட்சிக் கிளைச் செயலாளர். புரோகிதர் வேண்டாம் என்றதும் மகிழ்ந்தார். தாலி வேண்டாம், மாலை போதும் என்றோம், அதற்கும் சரி. அழைப்பிதழில் 'தலைமை' என்ற இடத்தில் யார் பெயரும் வேண்டாம் என்றபோதுதான் எழுந்துவிட்டார்.

"தலைமை இல்லாம கல்யாணமா? அம்புட்டுப் பேரையும் யாரு கட்டி மேய்க்கிறது? அப்படின்னா எம்மவ கிடையாது, தோழர்."

கோபத்தில் மட்டுமல்ல, எப்போதும் அவருக்கு நான் தோழர்தான். மாப்பிள்ளை என்று ஒரு தரம்கூட வாயில் வரவில்லை. எனக்கு அது வலித்தது.

"எனக்கும் தலைமை வேண்டாம்ப்பா. வேணும்னா நீங்க வெளிநடப்பு பண்ணிக்கோங்க" என்றாள் மகள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மண்டபத்துக்கு வந்தார்.

யார் வேண்டுமானாலும் வாழ்த்திப் பேசலாம் என்றேன். பேசினார்கள். தலைவர் இருந்தால் துண்டுச் சீட்டு கொடுத்து நிறுத்துவார். இங்கே சீட்டு கொடுக்க ஆளில்லை. ஒருவர் எங்களை விட்டுவிட்டு, சோவியத் ஏன் உடைந்தது என்று முக்கால் மணி நேரம் பேசினார். அடுத்தவர் அதை மறுத்தார். மூன்றாமவர் இருவரையும் மார்க்ஸையே திருத்தப் பார்க்கிற திருத்தல்வாதிகள் என்றார். மாலையைப் பிடித்து நின்ற எனக்குக் கை கடுத்தது. வெட்கத்தை விட்டுப் பெண்ணின் அப்பாவிடம் குனிந்தேன்.

"செத்த நேரம் நீங்களே தலைமை எடுத்து நிறுத்திருங்களேன்."

"எனக்கு ஏது தோழர் அதிகாரம்?" என்றார், அத்தனை சந்தோஷமாக.

அப்போது சாம்பார் வாசம் வந்தது. பந்திக்கு முந்து என்று யாரும் சொல்லவில்லை. மண்டபமே எழுந்து போனது. மைக்கில் இருந்தவரும் போனார். தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையாக உட்கார்ந்து, ஆளாளுக்கு இலை போட்டுக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா, தலைமை இல்லாமலே ஒழுங்கா நடக்கு" என்றேன்.

"அது பசி" என்றார்.

காலி நாற்காலிகளுக்கு முன்னால் நாங்களே மாலை மாற்றிக்கொண்டோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்த்த அவர் ஒருவர்தான் மிச்சம். எழுந்து நின்று, மாநாட்டில் தட்டுவதுபோலத் தனியாகக் கை தட்டினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மாப்ள, முதப் பந்தி முடிஞ்சிறப் போகுது" என்றார்.