முந்தானைக்குள் ஒரு பாஸ்வேர்டு

தொண்ணூறுகளில், பீளமேட்டு மில் ஒன்றில் சர்வர் வைத்து ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் அமைத்துக் கொடுத்து, அதைப் பற்றி ஒரு வகுப்பும் நடத்தினேன். எல்லோரும் பாஸ்வேர்டை எழுதி மானிட்டரிலேயே ஒட்டிவிட்டார்கள். பஞ்சு குடோனைக் கவனித்த அம்மா மட்டும் முந்தானையால் கீபோர்டை மூடிக்கொண்டுதான் தட்டுவார். நரைத்த கொண்டை, அதில் செருகிய பேனா.

ஒருநாள் மேனேஜர் வந்து நின்றார். "அம்மணி, உன்ற பாஸ்வேர்டைச் சொல்லு. பஞ்சு இருப்பைக் கொஞ்சம் திருத்தோணும்."

"உங்க பேர்ல போய்த் திருத்துங்க. என்ற பேர்ல திருத்துனா நான்தானுங்களே பதில் சொல்லோணும்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க அம்மணி பாஸ்வேர்டை மாத்திக் குடுங்க."

எனக்கு அது ஒரு நிமிட வேலை; கீபோர்டில் கை வைத்தேன். அந்த அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை.

"மாத்தட்டுங்க. யாரு மாத்துனதுன்னு சர்வர்ல பதிவாகும்னு அவருதானுங்களே சொன்னாரு."

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்த மில்லில் நான் நடத்திய வகுப்பைக் காதில் வாங்கிய ஒரே ஆள் அவர்தான், என்னையும் சேர்த்து எண்ணினாலும்.