லூட்டி என்று எழுதிய புகார்

ஓசூரில் ஒரு லாரி சர்வீஸ் ஆபீஸில் விபத்துக் கேஸ்களைப் பார்ப்பது என் வேலை. லாரி கவிழ்ந்தால் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், இன்சூரன்ஸ் என்று நான்தான் அலைய வேண்டும். வந்த புதிதில் மனசு பதறும். இப்போதெல்லாம் போன் வந்தால் பையில் குடை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஜூஜுவாடி அருகே எங்கள் லாரி ஒன்று டயர் வெடித்துக் கவிழ்ந்தது. சமையல் எண்ணெய் லோடு. நான் போனபோது டிரைவர் மீடியனில் உட்கார்ந்திருந்தார். மண்டியாக்காரர், ஐம்பது வயசிருக்கும். ஒடிந்த இடது கையை மடியில் கிடத்தியிருந்தார். ரோடெல்லாம் எண்ணெய். பெட்டி ஒன்றுகூட மிச்சமில்லை.

"லூட்டி மாட்பிட்ரு மேடம்," என்றார்.

எனக்கு அருப்புக்கோட்டை. எங்கள் பக்கம் லூட்டி என்றால் பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்குவது. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதுதான் கொள்ளை என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"கேபின்ல மாட்டிக்கிட்டேன் மேடம். ஓடி வந்த ஜனங்ககிட்ட கையக் குடுங்கன்னு கத்துனேன். ரெண்டு கையிலயும் பெட்டி இருக்கு, எப்டிக் குடுப்பாங்க? லோடு கம்பெனிது, போகட்டும். என் துணிப்பை, சாப்பாட்டு டப்பா, செருப்பு... அதயும் எடுத்துட்டாங்க."

அசதியில் அவர் சொன்ன வார்த்தையையே எழுதிவிட்டேன் போல. ஏட்டு படித்துவிட்டுச் சிரித்தார்.

"லூட்டியா? ஸ்கூல் பசங்களாம்மா?"

அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'கொள்ளை' என்று எழுதினேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"கொள்ளைன்னா பெரிய செக்‌ஷன்மா. ஊரையே தூக்கி உள்ள வைக்கணும். சரக்கு சிதறிச் சேதமாச்சுன்னு போடுங்க."

டிரைவர் என்னைப் பார்த்தார். எனக்கு வாதாடத் தெம்பில்லை. சேதம் என்றே எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் இன்சூரன்ஸுக்கு இங்கிலீஷில் மெயில் அனுப்பச் சொல்லி முதலாளி போன் செய்தார். ஸ்டேஷன் வாசலில் நின்றே 'லூட்' என்று டைப் செய்தேன். ஸ்பெல்லிங் சரிதானா என்று அகராதியில் தேடினால், அது இந்திச் சொல், அதற்கு மூலம் சமஸ்கிருதம், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்தில் இங்கிலீஷுக்குப் போனது என்று இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அவருக்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கினேன்.

"இங்கிலீஷ்ல என்ன எழுதினீங்க மேடம்?"

"லூட்."

"நம்ம மாத்தே அல்வா அது?"

"ஆமாங்க, நம்ம வார்த்தைதான். இங்கேயிருந்து போனதுதான்."

தலையை ஆட்டிக்கொண்டார். "இங்கிலீஷ்காரனுக்குக்கூடப் புரியுது. இங்க ஸ்டேஷன்ல புரியல."

மண்டியா வழியாகப் போகும் மைசூர் பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் ஏற்றிவிட்டேன். கையில் யாரும் இடித்துவிட வேண்டாம் என்று கண்டக்டரிடம் சொன்னேன். எங்கள் டிரைவர் அதற்குள் அசந்து கண்ணை மூடிக்கொண்டார்.

போலீஸ் பேப்பரில் சேதம், மெயிலில் கொள்ளை, எது உண்மை என்று இன்சூரன்ஸ்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். டிரைவருக்குக் கை கூடிவிட்டது. ஆனால் கொஞ்ச நேரம் ஸ்டியரிங் பிடித்தாலே விரல் மரத்துப்போகிறதாம். அதனால் லாரியை விட்டுவிட்டு, ஊரிலேயே கிட்டத்துக்குப் பால் வண்டி ஓட்டுகிறார்.