பின்சில்லின் அம்புக்குறி

மின்சாரம் இல்லாத ஆய்வுகூடத்தில் பௌதிகம் படிப்பிப்பதில் ஒரு சுகம் உண்டு. உபகரணம் பழுதாகிவிடும் என்ற கவலை இல்லை. இயக்கத்தையும் விசையையும் காட்ட என்னிடம் இருந்தது என் சைக்கிள் மட்டும்தான். அதன் இரண்டு சில்லுகளிலும் டயர்கள் தேய்ந்து வழுவழுவென்று கிடந்தன. கணக்குகளில் வரும் உராய்வில்லாத 'ஒப்பமான தளம்' என்ற சொல்லைப் பிள்ளைகள் முதலில் அந்த டயருக்குச் சூட்டினார்கள். பிறகு 'ஒப்பம்' என்று எனக்கே பட்டம் வைத்தார்கள். நான் காதில் விழாதவன் போல இருந்துவிட்டேன்.

உயர்தர வகுப்பில் சண்டிலிப்பாய்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். இரண்டு முறை சோதனை எழுதியும் அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. மற்றப் பாடங்களில் வெளுத்து வாங்குவாள், பௌதிகம்தான் காலை வாரிவிட்டது. மூன்றாம் முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். அவள் தடுக்கி விழும் இடம் உராய்வு என்பது எனக்குத் தெரியும். சைக்கிளை மிதித்து உழக்கும்போது பின்சில்லில் உராய்வு முன்னோக்கித்தான் இருக்கும் என்றால் ஏற்கவே மாட்டாள்.

"உராய்வு தடுக்கிறதெல்லோ சேர். அது எப்பிடி முன்னுக்குத் தள்ளும்?"

"அப்ப உம்மை முன்னுக்குக் கொண்டுபோறது என்ன?"

"என்ரை கால்."

வகுப்பு சிரித்தது. எனக்குப் பொறுமை பிறவியிலேயே குறைவு. எல்லோரையும் வெளியே கூட்டிப்போய், வேலியோர மணலில் சைக்கிளை நிறுத்தி, இரண்டு பேரை ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அவளை ஏற்றி உழக்க வைத்தேன். பின்சில்லு மணலைப் பின்னால் வாரி எறிந்தது. பின்னால் நின்ற என் காற்சட்டை எல்லாம் மண்.

"சில்லு மண்ணைப் பின்னுக்குத் தள்ளுது. மண் சில்லை முன்னுக்குத் தள்ளுது. அந்தரத்திலை தொங்கிக்கொண்டு உழக்கினா உம்மடை கால் உம்மைக் கொண்டுபோகுமோ?"

தலையாட்டினாள். கொப்பியில் பின்சில்லுக்கு முன்னோக்கி ஓர் அம்புக்குறி போட்டாள், முன்சில்லுக்குப் பின்னோக்கி. உழக்காமல் இறங்கி நடந்து உருட்டினால் இரண்டு சில்லிலும் பின்னோக்கித்தான் என்பதையும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள். ஆனால் விளங்கி எழுதுகிற முகம் வேறு, வாத்தியார் சொல்லிவிட்டாரே என்று எழுதுகிற முகம் வேறு.

சோதனையில் சைக்கிள் வந்தது. உழக்குகிற சைக்கிள் இல்லை, உருட்டுகிற சைக்கிள். மண்டபத்துக்கு வெளியே அவளைக் கேட்டேன்.

"பின்சில்லுக்கு முன்னுக்குப் போட்டனான் சேர். நீங்கள் மணலிலை காட்டினது அப்பிடியே மனதிலை நிண்டுட்டுது."

ஒரு கேள்விதானே என்று சொல்லி அனுப்பினேன். எரிச்சலாக இருந்தது. அதைவிடக் கவலையாக இருந்தது.

பெறுபேறு வருமுன்னே, அந்த ஐப்பசியில், இராணுவம் நெருங்குகிறது என்று எங்கள் வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. விடிந்தும் மழை விடவில்லை. நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சைக்கிளை உழக்க இடமில்லை, எல்லோரும் உருட்டினார்கள். என் கரியரில் அரிசியும் பாயும். பக்கத்தில் வந்த சைக்கிளின் கரியரில் ஒரு கிழவர் குடையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். உருட்டி வந்தவளைப் பார்த்தேன். அவள்தான்.

"ஐயாவுக்கு நடக்க ஏலாது சேர்" என்றாள், தகப்பனைக் காட்டி.

சேற்றில் சில்லு புதையும், அவள் குனிந்து தள்ளுவாள், ஒரு முழம் நகரும். ஓரிடத்தில் சனம் அப்படியே நின்றுவிட, அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்சில்லைப் பார்த்தாள்.

"இப்ப விளங்குது சேர். ரண்டு சில்லிலையும் பின்னுக்குத்தான்."

"ஓம்" என்றேன்.

"அப்ப இப்ப தள்ளுறது என்ரை கால்தானே?"

செருப்பில்லாத அவளுடைய கால்கள் கணுக்கால் வரை சேற்றில் இருந்தன.

"ஓம் பிள்ளை. இப்ப உம்மடை கால்தான்."