ஏழுமலையின் கைநாட்டு

போன செவ்வாய்க்கிழமை ஹைகோர்ட்டில் எனக்கு உடம்பு சில்லிட்டது. ஏ.சி.யைக் குறை சொல்ல முடியாது. அது ஓடவேயில்லை.

எண்ணூர் கழிமுகத்தில் ஒரு மீனவக் குப்பம். அங்கே ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு — எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பது பேர் சொல்லி முறை வைத்து நடக்கும். அதில் ஏழுமலையின் இடத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய் பதிக்க அரசு உத்தரவு போட்டது. அந்த இடம் போனால் அவர் மனைவி கன்னியம்மா வீட்டில் அடுப்பு எரியாது. கன்னியம்மாவும் குப்பத்துத் தலைவரும், கோர்ட்டு விவகாரம் தெரிந்தவன் என்று நம்பி என்னைத் தேடி வந்தார்கள். ஏழுமலை தொழிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மனுஷத் தோரணையில் இருவரையும் ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன்.

“பாதிக்கப்பட்டவர்தான் கேஸ் போட முடியும். இல்லாவிட்டால் ஊரே சேர்ந்து பொதுநல வழக்கு போடலாம்,” என்றார் வக்கீல்.

தலைவர் மறுத்துவிட்டார். “அது ஏழுமலை எடம் சார். அவரு பேர்லதான் போடணும். அடுத்தவன் பாடுன்னா நாங்க வாய் தொறக்க மாட்டோம்.”

பேப்பர் குப்பத்துக்குப் போய்க் கைநாட்டோடு திரும்பியது. யார் விரல் என்று வக்கீலும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு விடியற்காலை குப்பத்துக்குப் போனேன். கரையில் தலைவர் அன்றைய பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏழுமலை!”

“கீறாரு,” என்றார் கன்னியம்மா. வலையோடு படகில் ஏறியது ஏழுமலையின் தம்பி.

“அவர் எங்கேம்மா?”

“கடலுக்குப் போனாரு சார். நாலு வருசம் ஆவுது. படகு மட்டும் வந்துச்சு.”

“அப்புறம் ஏன் பேர்...?”

“ஒடம்பு கரைக்கு வராம பேரை அடிக்க மாட்டோம்,” என்றார் தலைவர், ரொம்ப சாதாரணமாக. சுற்றி நின்ற யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. எனக்குத்தான் படகில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.

வக்கீலிடம் ஓடினேன். அவர் மனுவைத் திருத்துவதற்குள் கேஸ் விசாரணைக்கு வந்துவிட்டது.

அரசு வக்கீல் எழுந்தார். “மனுதாரர் இறந்து நான்கு வருடம் ஆகிறது.”

மனைவி இருக்கிறார் என்று எங்கள் வக்கீல் கன்னியம்மாவைக் காட்டினார்.

“அந்த அம்மாள் பேர் எதிலும் இல்லையே? அவருக்குக் கேட்க என்ன உரிமை?” என்றார் அரசு வக்கீல்.

மனு தள்ளுபடி. ஐந்தே நிமிடம்!

கன்னியம்மா அழவில்லை. வராந்தாவில் அரசு வக்கீலின் எதிரே போய் நின்றார்.

“சார், வெதவை பென்ஷனுக்கு ஆபீஸ் ஆபீஸா சாவு சர்டிபிகேட் கேட்டுகினு கீறேன். ஒடம்பு இல்லாம செத்துட்டாருன்னு சொல்ல முடியாதுன்றாங்க. நீ இப்ப உள்ள சொன்னியே... அதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடேன்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த கேஸுக்கு நடந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

பென்ஷன் கேட்டால் உயிரோடு இருக்கிறார், கேஸ் போட்டால் செத்துப்போகிறார் — சர்க்காரைவிடக் கெட்டிக்கார மந்திரவாதி எவன் இருக்கிறான்?