மச்சக் குளிசை

அந்தக் குளிசையில் மச்சம் இல்லை. இருக்கிறதென்று என் தம்பியின் மனைவி வதனியிடம் நான் பொய் சொன்னேன். அப்போது அவள் நான்கு மாதக் கர்ப்பிணி.

இதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள், அந்தத் துணிவில்தான் சொல்கிறேன்...

எங்கள் யாழ்ப்பாணத்தில் குளிசை என்றால் மாத்திரை. மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அடங்கும். மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. வதனி பிறந்த வீட்டில் மச்சச் சட்டியே இருந்ததில்லை. நானோ மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காதவள். கல்யாணம் கட்டாமல் தம்பியின் வீட்டிலேயே இருந்துகொண்டு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். வாயும் கொஞ்சம் நீளம். அதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

கல்யாணமாகி ஐந்து வருடம் வதனிக்குப் பிள்ளை இல்லை. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஏறாத கோயில் இல்லை. கடைசியில் ஒரு பெண் மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, மற்றக் குறைகளோடு விற்றமின் டி சத்தும் மிகக் குறைவு என்றார். “எங்கடை ஊர் வெயிலுக்கையோ?” என்று அம்மா சிரித்தார்.

ஆனால் வதனி வெயிலில் நின்றதே கிடையாது. கறுத்துப்போவேன் என்று பயம். ஸ்கூட்டியில் போனால் கைக்கு உறை, முகத்துக்குச் சால்வை. இறங்கினால் குடை. எங்கள் பெண்களில் பாதிப்பேர் இப்படித்தான் திரிகிறோம்.

மருத்துவர் அதற்குக் கிழமைக்கு ஒரு குளிசை எழுதினார். வேறு சிகிச்சையும் நடந்தது. வருடம் திரும்பமுன் அவள் கர்ப்பமானாள். “உந்தக் குளிசையாலைதான் எண்டு சொல்லமாட்டன். ஆனா இனியும் உதை நிப்பாட்டாதேங்கோ. தாய்க்குக் குறைஞ்சால் பிள்ளைக்கும் குறையும், சுண்ணாம்புச் சத்து இறங்கினால் பிறந்த பிள்ளைக்கு வலிப்பும் வரலாம்” என்று அந்த மருத்துவர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தது நான்தான். எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?

குளிசையைக் கடையிலிருந்து நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தது. வீடு முழுக்கச் சைவம். அன்று மத்தியானம் கடையில் கூட வேலை செய்யும் பிள்ளை உள்ளே மீன் வைத்துச் சுட்ட பணிஸ் ஒன்று தந்தாள். தின்றுவிட்டேன். மாலையில் வீட்டுக்கு வந்து வதனியிடம் குளிசைப் பெட்டியை நீட்டினேன். அவள் மூக்கைச் சுளித்தாள்.

“மச்சாள், கையைக் கழுவிப்போட்டுத் தாங்கோவன்.”

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அம்மா கேட்டுவிட்டார். விரதகாலத்தில் மீன் தின்று வந்தவளை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குக் கூசிப்போய்விட்டது. அந்த வீட்டில் அப்போது எல்லாமே வதனிக்குத்தான்... இளநீர் அவளுக்கு, மாதுளம்பழம் அவளுக்கு, கட்டிலில் காற்று வருகிற பக்கம் அவளுக்கு. எரிச்சல் எத்தனை நாளாக உள்ளே கிடந்ததோ, அன்று வாயில் வந்தது.

“என்ரை கையைக் கழுவி என்ன செய்யிறது? நீர் போடுற குளிசையே மச்சம்தானே. மீன் எண்ணெயிலை செய்யிறது.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “மெய்யே மச்சாள்?”

“ஓம். மருந்துக்கடையிலை நிக்கிறவளுக்குத் தெரியாதே?”

மீன் ஈரல் எண்ணெயில் செய்கிற குளிசைகளும் உண்டு. இது அதுவல்ல. ஆட்டு உரோமத்தில் ஊறும் கொழுப்பிலிருந்து எடுப்பது, ஆட்டைக் கொல்வதில்லை. கிளினிக்கிலிருந்து வருகிற எத்தனையோ சைவக்காரருக்கு இதை விளக்கி அனுப்பியவள் நான். ஒரு நிமிடம் அவள் பதறட்டும் என்றுதான் நினைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் சொல்லிச் சிரித்துவிடலாம் என்று... சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவள் குளிசை கேட்கவில்லை. அதற்கடுத்த மாதமும் கேட்கவில்லை. நிறுத்திவிட்டாள் என்று எனக்கு விளங்கியது. மருத்துவரிடம் கேட்பாள், அவர் சொல்லிக்கொள்வார் என்று இருந்தேன். நாள் போகப் போக உண்மையைச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

பெண்பிள்ளை பிறந்தது. நல்ல நிறை, நல்ல அழுகை. எனக்கு உயிர் வந்தது. எட்டாம் நாள் காலையில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் ஒரு கை துடிக்கத் தொடங்கியது. கண் மேலே செருகியது. வதனி குழறி அழுத சத்தம் இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிள்ளையை என் மடியில்தான் வைத்திருந்தேன். அந்தத் துடிப்பு என் தொடையில் தெரிந்தது... அப்போதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது!

இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியிருந்தது. ஊசியில் ஏற்றினார்கள், வலிப்பு நின்றது. பிள்ளைகளின் மருத்துவர் வதனியைக் கேட்டார்.

“விற்றமின் டி குளிசை தந்திருப்பினமே, போட்டனீங்களோ?”

“இல்லை டொக்டர். நாலாம் மாதத்தோடை விட்டிட்டன்.”

“ஏன் விட்டனீங்கள்?”

“அது மச்சமெண்டு...”

“ஆர் சொன்னது?”

கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றேன். தம்பி என் பக்கத்தில் நின்றான். வதனி என்னை ஒருதரம் பார்த்தாள்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் நினைச்சன்.”

தம்பி அவளைப் பேசாத பேச்செல்லாம் பேசினான். படித்தவளுக்கு இது தெரியாதா என்றான். நான் வாய் திறக்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? நான் உண்மையைத்தான் சொன்னேன் என்று நம்பியதாலா? பொய் என்று அன்றே விளங்கியதாலா? அவள் சமையலறையில் பேசாமல் நின்றால் பயம். தம்பி “அக்கா” என்று கூப்பிட்டால் பயம். பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டது. பேச்சுக் கொஞ்சம் பிந்துகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது, பொறுங்கள் என்கிறார் மருத்துவர். பிள்ளை “மாமி” என்று ஓடிவந்து என் கையைப் பிடிக்கும்போது, அந்தச் சின்னக் கை துடிக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இன்று பகல் வதனி கடைக்கு வந்தாள். மறுபடியும் மூன்று மாதம். கடையில் வேறு ஆட்கள் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டை நீட்டினாள். அதே குளிசை. எங்களிடம் இருப்பதும் முன்பு நான் கொடுத்த அதே கொம்பனிப் பெட்டிதான். பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“மச்சாள், உதிலை மச்சம் இருக்கோ?”

இப்போதாவது சொல்லடி என்று மனம் அடித்துக்கொண்டது. சொன்னால் என் கையால் வாங்கும் எந்த மருந்தையும் இவள் இனி விழுங்கமாட்டாள், இந்தப் பிள்ளைக்கும் ஆபத்து என்று எனக்கு நானே நியாயம் கற்பித்தேன். உண்மை அதுவல்ல. தம்பியின் முகத்தை நினைத்தேன், என்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவானோ என்று பயந்தேன்.

“இல்லை. இது சைவம்.”

“அப்ப முந்தித் தந்தது?”

“அது வேறை கொம்பனி.”

அவள் பெட்டியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

“பழசை நான் எறியேல்லை மச்சாள். பெட்டியோடை அப்பிடியே அலுமாரிக்கை கிடக்கு.”

பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது மணி ஐந்தரை. மருந்துத் துண்டுகளின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தம்பி வேலையால் வீட்டுக்கு வந்திருப்பான். அவள் இன்று அந்தக் குளிசையை விழுங்குவாளா, மாட்டாளா... எனக்குத் தெரியாது. ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிவிடுவார்கள். நானும் அந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும்.