குழிக்குள் இறங்கிப் பார்த்த நடுவர்

நான் பிளஸ் ஒன் படித்தபோது எங்கள் பள்ளியில் ஒரு மாணவர் பத்திரிகை நடத்தினோம். திருத்தங்கலில் பெண்கள் பள்ளி. எட்டுப் பக்கம், கறுப்பு மை மட்டும். காலண்டர் சீசன் முடிந்து மிஷின் சும்மா நிற்கும் நாட்களில், பள்ளிக்குத் தெரிந்த ஒரு பிரஸ்ஸில் அடித்துக் கொடுப்பார்கள். செய்திகளுக்கு நான் பொறுப்பு. படம் வரைவதும் பக்கம் அமைப்பதும் என் தோழி.

அந்த வருடம் விருதுநகரில் பள்ளிப் பத்திரிகைகளுக்குப் போட்டி நடந்தது. எங்களை அழைத்துப் போக வேண்டிய தமிழ் டீச்சருக்குத் தேர்வு வேலை வந்துவிட்டது. பெண்பிள்ளைகளைத் தனியாக அனுப்பத் தலைமையாசிரியைக்கு மனமில்லை. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த என் அம்மா ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள்.

மண்டபத்துக்குள் நுழைந்தோம். வரிசையாகப் போட்ட மேஜைகளில் மற்றப் பள்ளிகளின் பத்திரிகைகள் பளபளவென்று கிடந்தன. நாலு கலர் அச்சு, லேமினேஷன் அட்டை, ஒன்றில் தலைப்பே தங்க நிறத்தில் மின்னியது. சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு இதெல்லாம் பெரிய காரியமில்லை. அப்பாவோ சித்தப்பாவோ எவராவது ஒரு பிரஸ்ஸில் இருப்பார்.

"நம்மளது பஸ் டிக்கெட் மாதிரி இருக்குடி" என்றாள் தோழி.

நடுவர்கள் மூன்று பேர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், மதுரையில் பல வருடம் செய்தியாளராக இருந்த ஒரு அம்மையார். தலைமையாசிரியர்தான் முதலில் பேசினார்.

"நம்ம மாவட்டத்துல அச்சு நல்லா இருக்குன்னு மார்க் போட்டா, அது பிரஸ்ஸுக்குப் போட்ட மார்க். பிள்ளைகளுக்கு என்ன போட்டோம்னு போன வருசம் எங்களுக்கே தெரியல. அதனால இந்த வருசம் பத்திரிகைக்குப் பாதி மார்க்குதான். மிச்சப் பாதிக்கு இங்கனயே ஒரு பரீட்சை."

பரீட்சை என்னவென்று செய்தியாளர் அம்மா சொன்னார். "ஒரு மணி நேரம் தாறேன். வெளிய போயி ஒரு செய்தியோட வாங்க. கண்ணால பாத்தது, காதால கேட்டது மட்டும். யார் சொன்னதுன்னு இருக்கணும். டீச்சர்மார் யாரும் கூடப் போகக் கூடாது."

அம்மா எழுந்து நின்றாள். "நான் டீச்சர் இல்லீங்க. இதுகளத் தனியா விடவும் முடியாது. நான் போகலாங்களா?"

மண்டபமே சிரித்தது. செய்தியாளர் அம்மாவும் சிரித்துவிட்டு, "போங்க. ஆனா நீங்க கேள்வி கேக்கக் கூடாது" என்றார்.

மற்றவர்கள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் பஜார் பக்கமும் ஓடினார்கள். நாங்கள் எங்கே போவதென்று தெரியாமல் நின்றபோது, மண்டபத்துக்குப் பின்னாலிருந்த தெருவில் குடங்கள் உருளும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அங்கே தண்ணீர் வரும் நாள். தெருக் குழாயை மேலே காணோம். ஒரு பெரிய குழிக்குள் இருந்தது. தண்ணீர் மேலே ஏறாததால், குழாயடியைத் தோண்டித் தோண்டித் தாழ்த்தியிருந்தார்கள். ஒரு பெண் உள்ளே இறங்கி நின்று பிடித்துக் கொடுக்க, மற்றவர்கள் கைமாற்றி வாங்கினார்கள்.

"போட்டோ எடுக்க வந்திருக்கீகளா?" என்று ஒருத்தி கேட்டாள். செய்தி எழுத வந்திருக்கிறோம் என்றேன். ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். மாசமாக இருக்கும் ஒரு அக்காவால் இறங்க முடியாது என்பதால், அவளுக்கும் சேர்த்துப் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக் கொடுக்கிறாள் என்று தெரிந்தது. குழி எவ்வளவு ஆழம் என்று நான் கேட்க, ஆளுக்கொன்று சொன்னார்கள். தோழி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே குதித்தாள். தெருவின் தரை மட்டம் அவள் இடுப்பளவுக்கு இருந்தது. அப்படியே எழுதிக்கொண்டேன்.

தெரு முனையில் வால்வு திறந்துவிடுகிறவர் சைக்கிளோடு நின்றார். தண்ணீர் ஏன் மேலே ஏறவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"சின்னப்பிள்ளைகளுக்கு எதுக்கு இதெல்லாம்? போங்க, போயிப் படிங்க."

நான் நோட்டை மூடப் போனேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பத்திரிகையில இருந்து வந்திருக்காக. கேக்காகல்ல, பதிலச் சொல்லுங்க."

வீட்டில் என்னை வாடி போடி என்று மட்டுமே கூப்பிடுகிறவள் அவள். நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை. விளையாட்டுக்கு இல்லை, மரியாதையாகவே அப்படிச் சொன்னாள். வால்வுக்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். தெரு மேடாக இருக்கிறது, குழாய் பழசு, கடைசி வீடுகளுக்குப் போய்ச் சேருவதற்குள் வேகம் செத்துவிடுகிறது என்று பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "என் வீடும் மேட்டுலதான். எங்க தெருவுலயும் குழிதான்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

மண்டபத்துக்குத் திரும்பி ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுத்தோம். பேராசிரியர் படித்துவிட்டு, "இடுப்பளவுக் குழின்னா கொஞ்சம் கூட்டிச் சொல்ற மாதிரி இருக்கே" என்றார். நான் பதில் சொல்வதற்குள் செய்தியாளர் அம்மா தாளை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். மற்றவர்கள் எழுதியதையும் இப்படித்தான் தேடிப் போய்ப் பார்த்தாராம். பஜார் பற்றி எழுதியிருந்த ஒரு பள்ளி, போகாத கடைக்குப் போனதாக எழுதி மாட்டிக்கொண்டது.

அவர் திரும்பி வந்தபோது, சேலைக் கரையெல்லாம் சேறு.

"நானும் இறங்கிப் பாத்துட்டேன்" என்று பேராசிரியரிடம் சொன்னார். "அந்தப் பொண்ணு உயரத்துக்கு இடுப்பு. எனக்கு அதுக்கும் மேல. வால்வுக்காரரும், ஆமா, நான்தான் சொன்னேன்னாரு. ஒரு வார்த்தை தப்பில்ல."

ஒட்டுமொத்தமாக முதல் பரிசு, தங்க நிறத் தலைப்புப் பள்ளிக்குத்தான் போனது. தீப்பெட்டி ஒட்டும் வீடுகளைப் பற்றி அவர்கள் உள்ளே எழுதியிருந்த கட்டுரை நிஜமாகவே நன்றாக இருந்தது. செய்திக்கான முதல் பரிசு எங்களுக்கு. மேடையில் செய்தியாளர் அம்மா கோப்பையைக் கொடுத்துவிட்டு, "எந்த ஊரு?" என்று கேட்டார். திருத்தங்கல் என்று நான் சொன்ன சத்தம் மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. அம்மா கடைசி வரிசையில் எழுந்து நின்று கைதட்டினாள். அவளைப் பார்த்து வேறு சிலரும் எழுந்தார்கள்.

அந்தச் செய்தியை அடுத்த இதழில் முதல் பக்கத்தில் போட்டோம். குழிக்குள் நிற்கும் பெண்ணைத் தோழி கோட்டுப் படமாக வரைந்திருந்தாள். அம்மா ஒரு பிரதியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் அவளே சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். சாயங்காலம் வந்து சொன்னாள்: "எங்க ஊருக்கும் வந்து எழுதச் சொல்லுன்னு கூட வேல பாக்குற சாத்தூர்ப் பக்கத்துக்காரி கேக்கா. அவ கிராமத்துல பஸ்ஸே நிக்க மாட்டேங்குதாம். வாரேன்னு நானே சொல்லிட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தோழியும் நானும் அம்மாவும் சாத்தூர் பஸ்ஸில் ஏறினோம்.