தேங்காய்ப்பால் பொங்கிய பானை

என் மகளுக்குப் பால் ஆகாது. ஒரு வாய் குடித்தால் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு இழுக்கும். பால், தயிர், நெய் எதுவும் கூடாது என்று கிளினிக் டாக்டர் சொன்னபோது அவளுக்கு இரண்டு வயது. வெளியில் சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சள் போட்டுக் கொடு, சுக்குத் தட்டிக் கொடு, ஆட்டுப்பால் கொடு. ஒருத்தி டின் பால் கொடுக்கச் சொன்னாள். அது மாட்டுப்பால் இல்லையாம், கடைப்பாலாம். டின்னில் மாட்டுப் படம் போட்டிருக்கிறதே, அது என்ன பூனையா என்று கேட்டேன். அதோடு அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நல்லதாய்ப் போயிற்று.

அப்போது நாங்கள் டுரியான் துங்காலில் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். நான் பகலெல்லாம் அடுப்படியில் பாலில்லாத சமையலோடு மல்லுக்கட்டினேன். பாயசத்துக்குத் தேங்காய்ப்பால், கேசரிக்குத் தேங்காய் எண்ணெய். இவை இரண்டும் சீக்கிரம் பிடிபட்டன. தயிர்ச்சோறுதான் என்னை அழவைத்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் தவு, அதுதான் சோயாக்கட்டி, வாங்கி, நன்றாக மசித்து, எலுமிச்சை பிழிந்து, கடுகு தாளித்துப் பிசைந்தேன். மகள் தட்டை வழித்துத் தின்றாள். வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, சுவருக்குப் பூச மீதி இருக்கிறதா என்று கேட்டார். அவருக்கு அன்று வேறு சோறு கிடையாது.

தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும் என்பதும் எனக்கு உடனே தெரியவில்லை. எத்தனையோ சட்டி கெட்ட பிறகுதான் புரிந்தது. தண்ணிப்பாலில் வேகவைக்க வேண்டும், கெட்டிப்பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கிவிட வேண்டும்.

இதில் பெரிய கூத்து, என் மாமனார் பால்காரர். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். மாமியார் போன பிறகு ஐந்து மாடுகள்தான் அவருக்குக் குடும்பம். விடிவதற்குள் கறந்து, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாக ஊற்றுவார். அவர் பாலைக் குடித்து வளராத பிள்ளை அந்தத் தோட்டத்தில் இல்லை. சொந்தப் பேத்தி மட்டும் குடிக்கக் கூடாது என்றால் அந்த மனுசனுக்கு எப்படி இருந்திருக்கும்? இன்றைக்கு யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை.

மகளுக்கு மூன்று வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். டவுன் பாலில் என்னென்னவோ கலக்கிறான்கள், அதுதான் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தன் மாட்டுப்பால் சுத்தம் என்று மாமனார் தானாகவே முடிவுகட்டி, அவளுக்கு ஒரு கிண்ணம் பாலை ஆற்றிக் கொடுத்துவிட்டார். நான் உள்ளே வரும்போது பிள்ளைக்குக் கண் திறக்கவில்லை. மூச்சு விசில் அடித்தது. லாரியில் போட்டு அலோர் காஜா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு, மருந்துப் புகையை மூச்சில் இழுக்கவைத்தார்கள். சாயங்காலம் கண்ணைத் திறந்தாள்.

மாமனார் மோட்டாரில் பின்னாலேயே வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். நான் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

"மாடு வேணுமா, பேத்தி வேணுமா? நீங்களே முடிவு பண்ணிக்கங்க மாமா."

அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நாலு மாதம் நாங்கள் அங்கே போகவில்லை, அவரும் வரவில்லை. சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் பிள்ளை தினமும் வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பொங்கல் வந்தது. வீட்டுக்காரர் போகலாம் என்றார். பிள்ளைக்குத் தனிச் சட்டியில் நானே ஆக்குவேன், யாராவது ஒரு சொட்டுப் பால் காட்டினாலும் அந்த நிமிடமே திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு, சட்டி, கரண்டி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போனேன்.

மாமனார் வாசலில் கல் கூட்டிப் பானை ஏற்றிக்கொண்டிருந்தார். என் மூட்டையைப் பார்த்தார்.

"அது வேணாம்மா. ஒரே பானைதான்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறக்கும்போதுதான் பக்கத்தில் இருந்த மூன்று பேசின் பாத்திரங்களைப் பார்த்தேன். அவற்றில் இருந்தது தேங்காய்ப்பால். மூன்று பிழிவையும் தனித்தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"புதுப் பானை, புது அகப்பை," என்றார். "துணியும் புதுசும்மா. பழசுல நான் பால் வடிகட்டுவேன்."

நான் மூட்டையைக் கீழே வைத்தேன்.

ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டுப்பால். கெட்டிப்பாலை முதலில் ஊற்றி, விறகைத் தள்ளித் தீயை ஏற்றினார். மாட்டுப்பால் என்றால் நுரைத்து எழுந்திருக்கும். இது எழவில்லை. திட்டுத் திட்டாகப் பிரிந்து, எண்ணெய் மேலே மிதந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"பால் திரிஞ்சிருச்சேலா. நல்ல நாளும் அதுவுமா இது ஆகாதே. நம்ம மாட்டுப்பால ஊத்தியிருந்தா இந்நேரம் பொங்கியிருக்கும்."

மாமனார் அகப்பையைப் பிடித்தபடி பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக் கொட்டகையில் காலையில் கறந்த பால் இரண்டு வாளி நிறைய இருந்தது. ஓடிப்போய் ஒரு செம்பு ஊற்றியிருந்தால் பானை பொங்கியிருக்கும், பேச்சும் அடங்கியிருக்கும். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அக்காவை உள்ளே போய்த் தன் பானையைப் பார்க்கச் சொன்னேன். திரிந்ததைப் பேசினில் எடுத்து வைத்தேன். தேங்காய் திரிந்தால் விஷமாகிவிடாது, வெல்லத்தோடு சேர்த்தால் தெரியாது. பானையை அலசி, பச்சரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரை ஊற்றி, மூன்றாம் பிழிவைச் சேர்த்தேன். அரிசித் தண்ணீர் நுரைக்காமல் இருக்காது. சோற்றுப் பானை பொங்கி அடுப்பை அணைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான்.

"இப்ப எரிங்க மாமா. நல்லா எரிங்க."

விளிம்பில் வெள்ளை நுரை கட்டியது. ஏறியது. கிழக்குப் பக்கமாய் வழிந்து தீயில் சுர்ரென்று விழுந்தது. முதலில் கத்தியது என் மகள்தான். பொங்கலோ பொங்கல் என்று அவள் கத்திய கத்தில் மாடுகள் திரும்பிப் பார்த்தன.

சாமி கும்பிட்டு முடித்ததும் அவள் நேராகத் தாத்தா மடியில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அவர் ஒரு கவளம் எடுத்தார், ஊதினார். கையைப் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"கறந்ததுக்கு அப்புறம் மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவிட்டேம்மா."

அவர் விரல்கள் தோலுரிந்து சிவந்திருந்தன.

"ஊட்டுங்க மாமா," என்றேன். "ஆறிடப் போவுது."